ஒரு துவக்கு, இரண்டு வேலை

பாஸ்தா அவித்த தண்ணீரை நான் வேலைக்குப் போன முதல்நாளே குசினித் தொட்டிக்குள் ஊற்றிவிட்டேன். முன்னறையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த மனிதர், பிள்ளை கிணற்றுக்குள் விழுந்த சத்தம் கேட்டதுபோல எழும்பி ஓடி வந்தார். தொட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தண்ணீர் போய்க்கொண்டிருந்த ஓட்டையைக் கையால் பொத்தியும் பார்த்தார்.

“அது பாத்திரம் கழுவும். பிறகு அதுக்குள்ளை நான் காலை வைப்பன். ரெண்டு வேலை!” என்று இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார்.

அவர் கதைத்தது இத்தாலி. எனக்கு அதை எங்கள் பேச்சில்தான் எழுத வருகிறது. அன்று எனக்கு விளங்கியது அந்த இரண்டு விரல் மட்டும்தான். பிறகு அந்த வீட்டில் நின்ற காலம் முழுக்க அந்த இரண்டு விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பலெர்மோவில், வியா மக்வேதா என்கிற பெருந்தெருவுக்குப் பின்னால் ஒரு ஒடுங்கின தெருவில், மூன்றாம் மாடியில் அவர் வீடு. காணி அளக்கிற உத்தியோகம் பார்த்து ஓய்ந்தவர். மனைவி இல்லை, பிள்ளைகளும் இல்லை. தெருவில் எல்லோரும் அவரை உத்தியோகத்தின் பெயரால், ‘ஜெயோமெத்ரா’ என்றுதான் கூப்பிட்டார்கள். நான் ‘சிஞ்ஞோரே’, ஐயா, என்றேன்.

ஒரு வேலை மட்டும் செய்கிற பொருளை அவருக்குக் கண்ணில் காட்டக்கூடாது. குடை அவருக்கு ஊன்றுகோல். மாரிக்காலக் கோட் இரவில் போர்வை. பேப்பரைப் படித்து முடித்ததும் சப்பாத்துக்குள் திணிப்பார். மெழுகுதிரி வைக்கிற தண்டொன்று இருந்தது, அதன் அடியால் பாதாம்பருப்பு உடைப்பார். கலியாண வீட்டுப் பரிசாக யாரோ கொடுத்த முட்டை வெட்டுகிற கருவியைத் தூக்கி வீசாமல் வைத்திருந்து, வருகிறவர்களுக்குக் காட்டுவார். “பாருங்கோ, இதுக்கு முட்டையை விட்டால் வேறை ஒண்டும் தெரியாது. பாவம்!”

ஒருநாள் என் தலையில் மணத்தைக் கண்டு என்ன எண்ணெய் என்று கேட்டார். நல்லெண்ணெய் என்று சொல்ல இத்தாலியில் சொல் தெரியாமல், அடுத்தநாள் போத்திலோடு கொண்டுபோய்க் காட்டினேன். தலைக்கு வைப்போம் என்று தலையைத் தொட்டேன். சமைப்போம் என்று சட்டியைத் தொட்டேன். சாமிக்கு விளக்கு எரிப்போம் என்று கைகூப்பிக் காட்டினேன். மனிதர் கதிரையில் இருந்துவிட்டார்.

“மூண்டு! மூண்டு வேலை! உங்கடை ஆக்கள் எங்களைவிடக் கெட்டிக்காரர்.”

எங்கள் வீட்டு ஆம்பிளைகளின் சாரம் உடுப்பாயும் துவாயாயும் படுக்கிற சீலையாயும் இருப்பதைச் சொன்னபோது, தனக்கும் ஒன்று வாங்கித் தரச் சொன்னார். இவர், என் கணவர், ஒன்று கொடுத்துவிட்டார். அதை இடுப்பில் நிறுத்தத் தெரியாமல் பெல்ட் போட்டுக் கட்டினார்.

என்னையும் அவர் அந்தக் கணக்கிலேதான் எடுத்திருந்தார். வீட்டு வேலைக்கு வந்தவள் நான். அவர் வெளியில் போகும்போது என் தோளில் கையை வைத்துக்கொண்டு நடப்பார். “நீயும் ரெண்டு வேலை,” என்று சிரிப்பார். அது புகழ்ச்சி என்று தெரியும். ஆனாலும் தோளில் அந்தக் கை பாரமாய்த்தான் இருந்தது. நான் வாய் திறக்கிற ஆள் இல்லை. எது சொன்னாலும் “சீ, சிஞ்ஞோரே”, ஓம் ஐயா, என்றுவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வேன்.

எங்கள் வீடு, நடந்து போகிற தூரத்தில், சீசா என்கிற பகுதியில். இவருக்கு நகரத்துக்கு வெளியே கடற்கரையில், ஸ்ஃபெர்ராகவால்லோவில் மீன் சாப்பாட்டுக் கடையொன்றில் மீன் துப்புரவாக்குகிற வேலை. விடியப் போனால் இரவில்தான் வருவார். என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, கழுத்தில் கயிற்றில் தொங்குகிற திறப்பால் கதவைத் திறந்து, உள்ளே பூட்டிக்கொண்டு, நான் வரும்வரை இருப்பாள். இப்போது அவளுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை ஒரு நிமிடம் தனியே விடமாட்டாள். ஏன் என்று நான் கேட்பதில்லை.

நீதிபதிகளை மாஃபியா குண்டு வைத்துக் கொன்ற அந்த வருடங்களில் பலெர்மோத் தெருக்களில் பட்டாளம் நின்றது. பெரிய ஆட்களின் வீட்டு வாசல்களில் பொடியன்கள் துவக்கோடு நிற்பார்கள். முதல் தடவை அவர்களைக் கடந்தபோது, நான் கேளாமலே பையைத் திறந்து, இந்த நாட்டில் நிற்க அனுமதிக்கிற கடதாசியை, பெர்மெஸ்ஸோவை, எடுத்து நீட்டிக்கொண்டு நின்றேன். ஊரில் சோதனைச்சாவடிகளில் பழகின கை. பொடியன் வெட்கப்பட்டுப்போய், “வேண்டாம் சிஞ்ஞோரா, போங்கோ” என்றான். சிஞ்ஞோரே என் தோளில் கையை வைத்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

அந்த வருடம் கீழ்மாடியில் களவு போனது. வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருந்த பகல்நேரம், கதவை நெம்பித் திறந்து வானொலிப் பெட்டியையும் நகையையும் கொண்டுபோய்விட்டார்கள். உடைந்த கதவைச் சிஞ்ஞோரே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு ஒரு காலை, சவரம் செய்து, கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“வெளிக்கிடு. துவக்கு வாங்கப் போறம்.”

“சீ, சிஞ்ஞோரே” என்றுவிட்டேன். என்ன சொன்னார் என்பது படியிறங்கும்போதுதான் எனக்குள் இறங்கியது.

அவர் முந்தி வேட்டைக்காரர். புரட்டாதி பிறந்தால் சிநேகிதர்களோடு முயலுக்குப் போவாராம். மனைவி இறந்தபின் நீட்டுத் துவக்கை விற்றுவிட்டாராம். இப்போது அவருக்கு வேண்டியது ஒரு கைத்துவக்கு. காட்டுக்குப் போனால் பன்றியைச் சுடவேண்டும். வீட்டில் கள்ளன் வந்தால் கள்ளனுக்கும் காணவேண்டும். கோட்டுப் பைக்குள் அடங்கவேண்டும். இரண்டு விரல்.

துவக்குக் கடைக்காரர் தொந்தி வைத்த மனிதர். கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

“ஜெயோமெத்ரா, முதல் கதை, இந்த நாட்டிலை கைத்துவக்காலை வேட்டையாடச் சட்டம் விடாது.”

“சட்டம் என்ன, பத்தைக்குள்ளை வந்து பாக்குமோ?”

“சட்டம் வராது. காட்டுக் காவல்காரன் வருவான். சரி, அதை விடுங்கோ. பன்றிக்கெண்டால் இது வேணும்,” என்று நீளக் குழல் வைத்த ஒன்றை எடுத்து வைத்தார். மேசையில் அது இருந்த சத்தத்திலேயே பாரம் தெரிந்தது. “ரவை பெரிசு. கையை உதறும். இதை வீட்டுக்குள்ளை சுட்டியளெண்டால், கள்ளனையும் தாண்டி, சுவரையும் தாண்டி, பக்கத்து வீட்டிலை கோப்பி குடிக்கிற மனிசனிலைதான் போய் நிக்கும். வீட்டுக்கெண்டால் இது,” என்று உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒன்றை வைத்தார். “இதாலை பன்றியைச் சுட்டால் பன்றிக்குக் கோவம்தான் வரும்.”

“ரெண்டுக்கும் நடுவிலை ஒண்டைத் தா.”

“நடுவிலை இருக்கிறது ரெண்டுக்கும் உதவாது.”

“உன்ரை அப்பன் இப்பிடிக் கதைக்கமாட்டான். கேட்டதைத் தருவான்.”

“அப்பா தந்தவர்தான்,” என்றார் கடைக்காரர். பிறகு கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கிவிட்டார்.

அன்றைக்கு ஒன்றும் வாங்கவில்லை. ஆனால் அடுத்தடுத்த கிழமைகளிலும் போனோம். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பார், நிறுத்துப் பார்ப்பார், கோட்டுப் பைக்குள் விட்டு நடந்து பார்ப்பார். கலியாணத்துக்குக் கூறைச்சீலை எடுக்கிற ஆட்கள்கூட அந்தப் பாடு படமாட்டார்கள். ஒருநாள் நடுத்தரமான ஒன்று பிடித்துக்கொண்டது. திரும்பி என்னிடம் நீட்டினார்.

“நீ பிடிச்சுப் பார். நான் நித்திரையாய் இருக்கேக்கை ஆரும் வந்தால் நீயும் சுடவேணுமே.”

நான் ஊரில் துவக்கை எப்போதும் அதன் வாய்ப்பக்கம் நின்றுதான் பார்த்திருக்கிறேன். பிடிப்பக்கம் அன்றைக்குத்தான் முதல் தடவை. குளிர்ந்துபோய், இறைச்சிக்கடைத் தராசுப் படிக்கல் மாதிரி இருந்தது. “சீ, சிஞ்ஞோரே” என்று சொல்லவும் வாய் வரவில்லை. மேசையில் வைத்துவிட்டுக் கையைச் சீலையில் துடைத்தேன். “அடுத்த கிழமை வந்து இதையே எடுக்கிறன்” என்று சொல்லிவிட்டு வெளிக்கிட்டார்.

இரவு இவரிடம் சொன்னேன். மீன்மணக்கிற கையைக் கழுவிக்கொண்டிருந்தவர் தண்ணீரை நிறுத்தினார்.

“இஞ்சாரும், துவக்கு வாற வீட்டிலை நீர் நிக்கவேண்டாம். உதுக்குத்தானே அங்கையிருந்து வந்தனாங்கள்?”

“அவர் கையெழுத்து வைச்சாத்தானே என்ரை பெர்மெஸ்ஸோ புதுக்கலாம்?”

“அப்ப வாங்கவேண்டாமெண்டு சொல்லும்.”

“நான் எப்பிடிச் சொல்லுறது?”

“வாயாலைதான்!” என்றார். மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. துவக்கு வந்தால் நான் நிற்க ஏலாது. நான் நிற்காவிட்டால் நாங்கள் மூன்று பேரும் இந்த நாட்டில் நிற்க ஏலாது.

அந்தக் கிழமை வெள்ளி, இடியப்பம் அவிக்கலாமென்று கீழ்வீட்டு மன்னார் அக்காவிடம் உரலுக்குப் போனேன். இடியப்ப உரல் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான். சேர்ந்து வாங்கினது. ஆனால் எனக்கு வேண்டும்போதெல்லாம் அது அக்கா வீட்டில் இருக்கும். அக்காவுக்கு வேண்டும்போது என் வீட்டில். அன்றைக்கு அக்கா கதவைப் பூட்டிவிட்டுக் கோயிலுக்குப் போயிருந்தா. பிசைந்த மாவை வைத்துக்கொண்டு படியில் இருந்தேன். கடைசியில் ரொட்டிதான் சுட்டேன்.

அடுத்தநாள் துவக்குக் கடையில், அந்த நடுத்தரமானது மேசையில் துணிக்குமேல் இருந்தது. சிஞ்ஞோரே சட்டைப்பையில் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லத் துணிவு இல்லை. கேள்வியாகத்தான் வந்தது.

“சிஞ்ஞோரே, வேட்டைக்குப் போகேக்கை இது எங்கை இருக்கும்?”

அந்த வீட்டுக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து நானாக அவரிடம் கேட்ட முதல் கேள்வி அது. அவர் சந்தோசப்பட்டார்.

“என்னோடைதான். காட்டிலை.”

“அப்ப வீட்டிலை?”

அவர் கண்டெடுத்த பேனாவைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தார். நான் இடியப்ப உரலைச் சொன்னேன். எனக்குத் தெரிந்த இத்தாலியில், இரண்டு கையாலும் பிழிந்து காட்டி, அக்கா பூட்டிப்போட்டுப் போனதையும் மாவோடு படியில் இருந்ததையும் சொன்னேன். சிரிப்பாய்த்தான் சொன்னேன். “ஒண்டு ரெண்டு வேலையும் செய்யும் சிஞ்ஞோரே. ஆனால் ரெண்டு இடத்திலை நிக்காதே.”

ஒருவரும் சிரிக்கவில்லை. சிஞ்ஞோரேயின் முகம் பழைய சுவர்போல் ஆகிவிட்டது. பேனாவைத் திரும்பப் பைக்குள் வைத்தார். குடையை ஊன்றிக்கொண்டு, என் தோளைத் தேடாமல், தனியே வெளியில் போய்த் தெருவில் நின்றார்.

கடைக்காரர் மேசைக்கு மேலால் குனிந்து, மெல்லிய குரலில் சொன்னார்.

“உங்களுக்கு ஆர் சொன்னது?”

“எதை?”

“அவரின்ரை மனிசியின்ரை கதையை.”

எனக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். சிஞ்ஞோரே தன் நீட்டுத் துவக்கை இதே கடையில்தான் வாங்கினாராம். கடைக்காரருடைய தகப்பன்தான் விற்றாராம். வேட்டைக்கும் ஆகும், வீட்டுக்கும் காவல் என்று சொல்லித்தான் விற்றாராம். வேட்டை தொடங்குகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை சிஞ்ஞோரே அதைத் தோளில் கொழுவிக்கொண்டு முயலுக்குப் போனார். பகலில் கள்ளர் வந்தார்கள். மனைவி குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டா. வந்தவர்கள் அவவைத் தொடவில்லை. சாமானை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சிஞ்ஞோரே பொழுதுபட முயலோடு வந்து கூப்பிட்டபோதும் அவ கதவைத் திறக்கவில்லை. உடைத்துத்தான் எடுத்தார்களாம். அதற்குப் பிறகு அவ ஒழுங்காய்க் கதைக்கவில்லை. அந்த வருடம் முடிவதற்குள் போய்விட்டா.

“நீட்டுத் துவக்கெண்டால் ஒண்டில் காட்டிலை, இல்லாட்டி வீட்டிலை. கைத்துவக்கெண்டால் எப்பவும் கையோடை எண்டு இப்ப நினைக்கிறார்,” என்றார் கடைக்காரர். “தான் வெளியிலை போனால் நீங்கள் வீட்டிலை தனிய எண்டதை யோசிக்கேல்லை. இப்ப யோசிச்சிட்டார்.”

மேசையில் இருந்ததை எடுத்து உள்ளே வைத்துப் பூட்டினார். நான் வெளியில் வந்தபோது சிஞ்ஞோரே என்னைப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போகும்வரை என் தோளில் கை வைக்கவில்லை. முந்திப் பாரமாய் இருந்த கை, அன்றைக்கு இல்லாததுதான் பாரமாய் இருந்தது.

துவக்கு வரவில்லை. இவர், “பாத்தீரே, வாயாலை சொன்னால் நடக்கும்” என்று மெச்சினார். மன்னார் அக்கா மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினா. எல்லோருக்கும் சந்தோசம்.

ஆனால் அந்த மனிதர் மாறிவிட்டார். அடுத்தநாள் பாஸ்தா அவித்தபோது, தண்ணீரை ஒரு சட்டியில் எடுத்து வைத்தேன். அவரே வந்து அதைத் தொட்டிக்குள் ஊற்றினார். எனக்கு அழுகை வந்தது. இரண்டு விரல் பிறகு எழும்பவேயில்லை. சாரத்தைக் கழுவி மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டார்.

அதோடு, நான் வீட்டில் நிற்கிற நேரத்தில் அவர் வெளியில் போவதை நிறுத்தினார். மயிர் வெட்டப் போகமாட்டார். கீழே கோப்பிக்கடைக்கும் இறங்கமாட்டார். நான் மொட்டைமாடியில் உடுப்புக் காயப்போடப் போனால், படியேறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில் நிற்பார். “நீ நிக்கேக்கை நான் போகக்கூடாது” என்பார். பின்னேரம் நான் வெளிக்கிடும்போது கதவடியில் நின்று, நான் கடைசிப் படி இறங்குகிற சத்தம் கேட்கும்வரை பார்ப்பார். கள்ளன் வந்தால் அந்த மெலிந்த கிழவன் என்ன செய்வார்? ஒன்றும் செய்யமாட்டார். ஆனாலும் நின்றார். நான் சீசாவுக்கு நடக்கும்போது, பூட்டின கதவுக்குப் பின்னால் இருக்கிற என் பிள்ளையை நினைத்துக்கொண்டே நடப்பேன். எனக்கு ஒருவர் காவல் நிற்கிறார் என்பதை அவளுக்குச் சொல்லக் கூச்சமாய் இருந்தது.

புரட்டாதியில் அவருடைய வேட்டைச் சிநேகிதர்கள் வந்து கேட்டார்கள். இரவல் துவக்குத் தருகிறோம், நடக்க ஏலாவிட்டால் காருக்குள் இரு, நாய் ஓடுவதையாவது பார் என்றார்கள். அவர் மாட்டேன் என்றார். நானும் கேட்டேன். என்னால் அடைபட்டுப் போனாரே என்று இருந்தது. ஒரு கிழமை நச்சரித்தேன். அவ்வளவு நான் வாழ்க்கையில் யாரையும் நச்சரித்ததில்லை. கடைசியில் சரி என்றார். ஞாயிறு விடியப் போவதாக ஏற்பாடு. சாப்பாடு கட்டிக்கொடுக்க என்னையும் நேரத்தோடு வரச் சொன்னார்.

சனி இரவு மகளுக்குக் காய்ச்சல். விடிய நெற்றி கொதித்தது. ஞாயிற்றுக்கிழமைதான் ஸ்ஃபெர்ராகவால்லோவில் சனம் கூடுகிற நாள், இவர் வெள்ளாப்பிலேயே போய்விட்டார். மன்னார் அக்கா ஊர்ச்சனத்தோடு யாத்திரை போயிருந்தா. “அம்மா கெதியா வந்திடுவன் பிள்ளை. சிஞ்ஞோரே வேட்டைக்குப் போனவுடனை ஓடி வந்திடுவன்” என்று சொல்லி, தேத்தண்ணீரையும் குளிசையையும் தலைமாட்டில் வைத்து, கதவைப் பூட்டிவிட்டு வந்தேன்.

நான் போனபோது அவர் வேட்டைச் சப்பாத்துப் போட்டு, தொப்பியும் வைத்து நின்றார். பத்து வயது குறைந்திருந்தது. பாணுக்குள் முட்டைப்பொரியலும் பாற்கட்டியும் வைத்துச் சுற்றினேன். கை பறந்தது. கீழே கார் ஹோர்ன் அடித்தது. நாய்கள் குரைத்தன. அவர் பல்கனிக்குப் போனார். நான் பொதியோடு பின்னால் நின்றேன்.

“ஜெயோமெத்ரா! இறங்கு! முயல் வயசுபோய்ச் சாகப்போகுது!”

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன கண்டாரோ தெரியாது. கீழே குனிந்து கத்தினார்.

“நான் வரேல்லை! வீட்டிலை ஆள் நிக்குது!”

கீழே ஒருவன் கையை விரித்தான். கார்க் கதவு அடித்துச் சாத்தின சத்தம் கேட்டது. நாய்களின் குரைப்பு தெருமுனை வரை போய் நின்றது.

அவர் உள்ளே வந்து, கதிரையை இழுத்து, வாசற்கதவைப் பார்க்கப் போட்டு இருந்தார். சப்பாத்தைக் கழற்றவில்லை. நான் பொதியைப் பிடித்தபடி நின்றேன். என் பிள்ளை இப்போது முழித்திருப்பாள். இன்னும் கார் முனையால் திரும்பிப் போயிராது, கூப்பிட்டால் கேட்கும். என் குரல் எனக்கே பெரிதாய்க் கேட்டது.

“போங்கோ சிஞ்ஞோரே. ஒருத்தரும் வரமாட்டினம். எனக்கு ஒண்டும் நடக்காது. நீங்கள் போங்கோ.”

அவர் கதவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அவளும் இப்பிடித்தான் சொன்னவள்.”

அவர் போகவேண்டும் என்று நான் கேட்டது அவருக்காக மட்டும் இல்லை. அதை அவர் அறியவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே என்னை அனுப்பியிருப்பார். பிறகு அந்தக் கதிரையில், காக்க ஒருவரும் இல்லாத வீட்டில், சப்பாத்தோடு இருந்திருப்பார். அதற்கும் எனக்கு மனம் வரவில்லை. வாய் திறக்கவில்லை.

பாண் பொதியைப் பிரித்துக் கோப்பையில் வைத்துக் கொடுத்தேன். அவர் பாதியை எனக்குத் தந்தார். மதியம் வரை அவர் எனக்குக் காவல் இருந்தார், நான் அவருக்குப் பக்கத்தில் பயற்றங்காய் உடைத்துக்கொண்டு இருந்தேன். சீசாவில் என் பிள்ளை தானே எழும்பி, ஆறின தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்திருந்தாள்.